முதலில் இடம், எல்லை பிறகு

என்றும் என் மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய சுப்பையா மச்சானுக்கு,

போன வியாழக்கிழமை கையெழுத்தாகிவிட்டது மச்சான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்ற சேதியெல்லாம் அப்புறம். டவுன், பக்கத்துப் பேரூராட்சி, நம் ஊராட்சி, மூன்றும் ஒரே தாளில் முத்திரை குத்திவிட்டன. இனி இந்த மூன்று எல்லைக்குள் வீடில்லாமல் யார் கிடந்தாலும், நீ எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்டு அலைக்கழிக்க முடியாது. முதலில் காப்பகத்தில் இடம். எல்லைத் தகராறு இருந்தால் அதை நாங்கள் எங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று வள்ளியிடம் கேட்டேன். உங்கள் தங்கை யோசிக்கவே இல்லை. "இதுக்கா மாப்ள இத்தனை நாளுன்னு கேட்டிருப்பாக" என்றாள்.

இந்தக் கடிதத்தை உங்கள் ஆட்டோ சங்கத்து ஆண்டு மலரில் போடப் போகிறார்களாம். உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே சில இடங்களில் உங்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். என் பேச்சைப் பொறுத்துக்கொண்டு உங்களுக்குப் பழக்கம்தானே?

செக்காலை ரோட்டு ஸ்டாண்டில் உங்கள் வண்டிக்கு ஒரு பெயர் உண்டு, அது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. 'நிக்கிற வண்டி' என்பார்கள். சவாரியோடு போகும்போதே, சாலையோரம் யாராவது சுருண்டு கிடந்தால் ஓரங்கட்டிவிடுவீர்கள். பின்னால் இருப்பவர் அவசரத்தில் கத்தினால், "நீங்களும் ஒரு கை பிடிங்கண்ணே, சீக்கிரம் போயிரலாம்" என்பீர்கள். கத்தியவரே இறங்கி வந்து ஒரு பக்கம் தாங்கிப் பிடித்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு, காப்பகத்துக்கு, சில நேரம் உங்கள் வீட்டுக்கே கூட்டிப் போய்விடுவீர்கள். உங்கள் வீட்டுக்காரம்மா செல்வராணி அக்கா வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டாலே உலையில் இன்னொரு பிடி அரிசி போடுவார் என்று வள்ளி சொல்லிச் சிரிப்பாள்.

நானோ ஊராட்சிச் செயலர். வரி ரசீது, பதிவேடு, தீர்மானப் புத்தகம் இவற்றோடே தலை நரைத்தவன். தணிக்கைக்கு வருகிறவர் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டால் எனக்கு இரண்டு வேளை சோறு இறங்காது. உங்கள் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து நாம் இருவரும் வாங்க, போங்கதான். சண்டை போட்டாலும் மரியாதை குறையாமல்தான் போட்டோம். போட்டது ஒரே ஒரு சண்டை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஐப்பசி மழை. மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்திருந்தேன். உங்கள் ஆட்டோ அலுவலக வாசலில் வந்து நின்றது. பின்சீட்டில் ஒரு அம்மா. அறுபதைத் தொட்ட வயது. நனைந்த சேலை, மடியில் ஒரு கட்டைப்பை, இடது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. டவுனுக்கும் நம் ஊராட்சிக்கும் நடுவில் இருக்கிற வாய்க்கால் பாலத்தடியில் இரண்டு நாளாகக் கிடந்திருக்கிறார்.

"டவுன் காப்பகத்துல இடம் இருக்கு மாப்ள. கிடந்தது பாலத்தோட மேற்குப் பக்கம், உங்க எல்லை. அதனால உங்க ஆபீசுல இருந்து ஒரு கடுதாசி வேணும். எழுதிக் குடுங்க, கூட்டிட்டுப் போயிர்றேன்" என்றீர்கள்.

"கடிதமா? அப்படி ஒரு படிவமே கிடையாதே மச்சான்."

"படிவம் இல்லாட்டி வெள்ளைத் தாள்ல எழுதுங்க."

"எந்த விதியில எழுதுறது? நாளைக்குத் தணிக்கையில கேட்டா நான் என்ன சொல்றது? ஊராட்சியில இதுக்குன்னு ஒரு திட்டமும் இல்ல. சட்டத்துல இடமில்ல மச்சான்."

"சட்டத்துல இடமில்ல. உங்க ஆபீசுல இடம் இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து பொதுமக்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார வைத்தீர்கள். "ஒரு சவாரி நிக்கிது. வந்துர்றேன்." வண்டி போய்விட்டது.

அந்த அம்மாதான் முனியம்மா. பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்றவர். காலில் அடிபட்டு வியாபாரத்துக்குப் போக முடியாமல், குடியிருந்த அறை கையைவிட்டுப் போய், அங்கே இங்கே இருந்து கடைசியில் பாலத்தடிக்கு வந்திருந்தார். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அன்றைக்கு நான் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"சோறு ஆறுது சார், சாப்பிடுங்க" என்றார் அவர்தான் முதலில். புளியோதரையில் பாதியை மூடியில் எடுத்து வைத்துக் கொடுத்தேன். அன்று நான் செய்தது அது ஒன்றுதான்.

மூன்று மணிக்கெல்லாம் அந்த அம்மா என் அலுவலகத்தை நடத்த ஆரம்பித்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் அத்தனை வருஷம் இருந்தவருக்கு, யாராவது திகைத்துப் போய் நின்றால் வழி சொல்லாமல் இருக்க முடியாது போலிருக்கிறது. "வீட்டு வரியா? சார்கிட்ட. இருங்க, எழுதிக்கிட்டு இருக்காரு." "நூறு நாள் வேலையா? அங்குட்டு அந்தப் பிள்ளைகிட்டப் போங்க. அட்டை கொண்டாந்தீகளா?" வந்தவர்களும் அவரைப் புதிதாக வந்த ஊழியர் என்று நினைத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமாகவும் இருந்தது.

ஆனாலும் கடிதம் எழுதவில்லை. சாயங்காலம் நீங்கள் வந்தபோது, மேலிடத்துக்கு விளக்கம் கேட்டு எழுதிவிட்டதாகச் சொன்னேன். முனியம்மாவை ஏற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

பதில் வர இருபத்து மூன்று நாளானது. இருபத்து மூன்று நாளும் அவர் உங்கள் வீட்டுக் கூடத்தில்தான் படுத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கட்டுப்போட்டதும் நீங்களும் அக்காவும்தான். கடைசியில் வந்த பதிலில் ஒரே வரி: 'தங்கள் நிலையிலேயே உரிய முடிவெடுக்கவும்.' அதாவது, முதல் நாளே நான் எழுதியிருக்கலாம். அன்றைக்கு எழுதினேன். நாலு வரி. அவரைக் காப்பகத்தில் சேர்த்தார்கள்.

அப்புறம் நீங்கள் என்னோடு பேசவில்லை. பேசவில்லை என்றால், ஒரேயடியாகப் பேசாமலும் இல்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தீர்கள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். "வள்ளி, உங்க வீட்டுக்காரருக்குக் கரும்பு வெட்டவான்னு கேளு" என்றீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். "வேணும்னு சொல்லு" என்றேன். இப்படியே ஒரு நாள் முழுக்க அவள் நடுவில் தபால்காரியாக நின்றாள். சாயங்காலம் அவளுக்கே பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் மொகத்தப் பாத்துப் பேசுங்க, இல்லாட்டி எனக்குச் சம்பளம் குடுங்க" என்று சமையற்கட்டிலிருந்து சத்தம் போட்டாள். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த விஷயத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாயே திறக்கவில்லை.

மாசி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களாகவே வந்தீர்கள். கையில் ஒரு கட்டு வெள்ளைத் தாள்.

"மாப்ள, ஒரு வாய்க்காலுக்கு ரெண்டு பக்கமும் வயல் வச்சிருக்கவுக என்ன செய்வாக? தண்ணி யாருக்கு எப்பன்னு முன்கூட்டியே பேசி வச்சுக்குவாகள்ல? பயிரு காஞ்ச பெறகு போயி விதி கேப்பாகளா?"

"கேக்க மாட்டாக."

"அப்ப அதே மாதிரி மூணு ஆபீசும் முன்கூட்டியே பேசி எழுதி வச்சுக்கங்க. யாரு கூட்டிட்டுப் போறது, எங்க தங்க வைக்கிறது, ஆஸ்பத்திரிச் செலவு யாரு பாக்குறது, வண்டி யாரு அனுப்புறது. எழுதிட்டா உங்களுக்கும் பயமில்ல."

அந்தக் கடைசி வார்த்தையில் என்னைப் பிடித்துவிட்டீர்கள். பயம் என்று அதற்குப் பெயர் வைத்தது நீங்கள்தான். நான் அதுவரை அதை விதி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இதுக்குத் தீர்மானம் வேணும், ஆணையர் ஒப்புதல் வேணும், யூனியன் ஆபீஸ் ஒப்புதல் வேணும்…" என்று அடுக்கினேன்.

"நீங்க எழுதுங்க மாப்ள. எங்கெங்க கையெழுத்து வேணுமோ அங்கெல்லாம் நான் வண்டி ஓட்டுறேன்."

எழுத ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். மூன்றாவது பக்கம் தொடங்குவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். ஸ்டாண்டில், காலை பதினொரு மணிக்கு, டீக்கடைக்காரரிடம் ஏதோ வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்தீர்களாம். என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவருக்குச் சொல்ல வரவில்லை, அழுதுவிட்டார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கும் தெம்பில்லை. தாள்களை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

பதினாறாம் நாள் காரியத்தன்று என்ன நடந்தது தெரியுமா? சொந்தக்காரர்களுக்கென்று இலை போட்டிருந்தோம். பார்த்தால் யார் யாரோ வருகிறார்கள். ஒரு பெரியவர், கையில் ஊன்றுகோல். ஒரு தாயும் மகளும். துவைத்த சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிய இரண்டு பேர். யாரையும் எங்களுக்குத் தெரியவில்லை. எல்லோரும் உங்கள் வண்டியில் ஏறியவர்கள். பந்தல் நிரம்பிவிட்டது. உள்ளே நாங்கள் அரிசிக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும்போது, வாசலில் ஒரு குரல் கணீரென்று கேட்டது.

"கை கழுவ அங்குட்டு! செருப்ப இங்குட்டு விடுங்க! சாப்பிட்டவுக எந்திரிச்சு எடம் குடுங்க, நின்னு பேசாதீக!"

முனியம்மா. கால் நேராகியிருந்தது. கூட்டம் முழுவதையும் அவரே ஒழுங்குபடுத்திச் சாப்பிட வைத்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்த செல்வராணி அக்கா, அந்தக் குரலைக் கேட்டு அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தார்.

கிளம்பும்போது முனியம்மா என்னிடம் வந்தார். "அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தாக. அந்த மூணு ஆபீசுக் கடுதாசி எந்த மட்டுல இருக்கு சார்?"

"ரெண்டு பக்கம் ஆயிருக்கு."

"மிச்சத்த யாரு எழுதுவா?"

மறுநாள் இழுப்பறையைத் திறந்தேன்.

அதற்குப் பிறகு நடந்த கூட்டங்களைப் பற்றிச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். மூன்று அலுவலகத்து ஆட்களும் ஒரே அறையில் உட்காருவதற்கே இரண்டு மாதம் ஆனது. முதல் கூட்டத்தில் முக்கால் மணி நேரம், அடுத்த கூட்டம் எங்கே என்பதைப் பற்றியே பேசினோம். கடைசியில் மாதம் ஒரு முறை, முறைவைத்து, யார் இடத்தில் கூட்டமோ அவர்களே டீயும் வடையும் என்று முடிவானது. நம்புங்கள் மச்சான், ஒப்பந்தத்தில் முதலில் எல்லோரும் ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

காப்பகத்தில் தங்கியிருப்பவர்கள் சார்பில் ஒருவர் வர வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். யார் வந்திருப்பார் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? காலையில் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு வியாபாரத்தை முடித்துவிட்டு, கூடையோடு கூட்டத்துக்கு வந்துவிடுவார். மீந்த பிஞ்சை எல்லோருக்கும் உப்பு மிளகாய்ப்பொடி தூவி நீட்டுவார். வாய் நிறைய மென்றுகொண்டு யாராலும் கடுமையாகப் பேச முடியவில்லை.

முதலில் தலைப்பை வாசித்தேன். 'புரிந்துணர்வு ஒப்பந்தம்.' "புரிஞ்சு உணந்துட்டா எதுக்கு சார் ஒப்பந்தம்?" என்று கேட்டார். டவுன் அலுவலர் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்து, 'எல்லைக்குள் வீடற்ற நபர் கண்டெடுக்கப்பட்டால்' என்று எழுதியிருந்தேன். "கண்டெடுக்க நான் என்ன தொலஞ்சு போன கொலுசா? ஆளு சார், ஆளு. எனக்கு வாயி இருக்கு. வாரியான்னு ஒரு வார்த்தை கேக்கணும்ல?"

அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினோம். சம்மதம் கேட்ட பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். வர மறுத்தால் கட்டாயப்படுத்தக் கூடாது, சாப்பாடும் காப்பகத்து முகவரியும் கொடுத்துவிட்டு, மறுநாள் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். எனக்குத் தோன்றாத யோசனை அது. அந்த ஷரத்து முழுக்க முனியம்மாவுடையது.

மற்றதெல்லாம் நீங்கள் கேட்டதுதான். மூன்று அலுவலகத்துக்கும் ஒரே பதிவேடு. கடிதம் இல்லாமலே சேர்த்துக்கொள்ளலாம், தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காகித வேலை மூன்று நாளுக்குள். உடம்பு சரியில்லாதவரைக் காப்பகத்து ஆளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார், எந்த ஊர் என்பதைப் பார்க்காமல். மூன்றாவது ஷரத்தை மட்டும் நான் சட்டத் தமிழில் எழுதாமல் நம் பேச்சிலேயே எழுதினேன்: 'முதலில் இடம், எல்லை பிறகு.' யாரும் திருத்தவில்லை.

எல்லாம் கூடி வந்தது என்று நினைத்த நேரத்தில் யூனியன் ஆபீசில், அதாவது நம் ஊராட்சி ஒன்றியத்தில், அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக ஒரு அம்மா வந்தார். கண்டிப்பானவர் என்று வருவதற்கு முன்பே பேச்சு வந்துவிட்டது. கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே கேள்வி: 'அவசியம் என்ன?'

'பொதுநலன் கருதி' என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது. 'ஏழை எளியோரின் நன்மையை முன்னிட்டு' என்று எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது. அதே கேள்வி, இந்த முறை கீழே ஒரு கோடு. அன்று இரண்டு வேளையும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவசியம் என்ன என்று எனக்குத் தெரியாதா மச்சான்? நன்றாகத் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க யோசித்துவிட்டு எழுதினேன். மழை பெய்த ஒரு நாளில், காப்பகத்தில் இடம் இருந்தும், நாலு வரிக் கடிதம் தர மறுத்து, நடக்க முடியாத ஒரு பெண்மணியை இருபத்து மூன்று நாள் காக்க வைத்தவன் நான் என்று எழுதினேன். எந்த விதியும் என்னைத் தடுக்கவில்லை, எனக்குப் பயமாக இருந்தது என்று எழுதினேன். அந்த நாற்காலியில் என்னைப் போல இன்னொரு பயந்தவர் உட்கார்ந்திருந்தாலும் வந்தவருக்கு இடம் கிடைக்க வேண்டும், அதுதான் அவசியம் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

வள்ளியிடம் படித்துக் காட்டினேன். "வேலைக்கு ஒண்ணும் ஆயிராதே?" என்றாள். "தெரியல" என்றேன். "ஆனா ஆகட்டும், அனுப்புங்க" என்றாள். அப்போது அவள் முகம் அச்சு அசல் உங்கள் முகம்.

நாலாம் நாள் அந்த அதிகாரி என்னை நேரில் கூப்பிட்டார். குற்றப்பத்திரிகை தயாராக இருக்கிறது என்று நினைத்துத்தான் போனேன். கோப்பு அவர் மேசையில் திறந்திருந்தது.

"இதை நீங்களேதான் எழுதுனீங்களா?"

"ஆமாங்கம்மா."

"இது கோப்புல நிரந்தரமா இருக்கும். தெரியும்ல? வேணும்னா இந்தப் பக்கத்தை எடுத்துட்டு வேற எழுதித் தாங்க."

"வேற எழுதினா, அவசியம் என்னன்னு திரும்பக் கேப்பீகளேம்மா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கண்டிப்பானவர் என்று யார் சொன்னார்களோ! அங்கேயே, நான் நின்றுகொண்டிருக்கும்போதே, ஒப்புதல் எழுதினார். "அந்தப் பக்கம் இருக்கட்டும். நான் மாறிப் போனாலும், அடுத்து வர்றவர் அவசியம் என்னன்னு கேக்கக் கூடாதில்ல?" என்றார். வெளியே வந்து யூனியன் ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்று ஒரு சர்பத் குடித்தேன் மச்சான். உங்களுக்கும் ஒன்று சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்து, அப்புறம்தான் நினைவு வந்தது.

கையெழுத்து நாள் கல்யாண வீடு மாதிரி இருந்தது. முத்திரைப் பெட்டியில் மை காய்ந்துபோய், பக்கத்துக் கடைக்கு ஓடினார்கள். பேரூராட்சி அலுவலர் தன் பேனாவைத் தேட, அது டவுன் அலுவலர் சட்டைப் பையிலேயே இருந்தது. முனியம்மா புதுச்சேலை கட்டி, கனகாம்பரம் வைத்து, முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு இடம் இருந்தது. அந்த அதிகாரி அம்மா அவரையே கூப்பிட்டார். எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை முழுசாக எழுதினார். எழுதி முடிக்கும் வரை மூன்று அலுவலகமும் சத்தம் போடாமல் நின்றது.

இன்னொரு சேதி. உங்கள் வண்டியை விற்கவில்லை. ஆள் ஆளுக்கு வந்து விலை கேட்டார்கள். "யாரும் கேக்காதீக. நான் ஓட்டப் போறேன்" என்று செல்வராணி அக்கா சொன்னபோது எல்லோரும் துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தோம். இரண்டாவது முறையில் உரிமம் வாங்கிவிட்டார். முதல் முறை எட்டுப் போடச் சொன்ன இடத்தில் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய்ச் சோதிக்க வந்தவரின் நாற்காலி வரைக்கும் போய் நிறுத்தினாராம். இப்போது செக்காலை ரோட்டில் அவர் ஹாரன் அடித்தால் டவுன் பஸ்ஸே ஒதுங்குகிறது. ஒப்பந்தத்தில், தகவல் வந்ததும் போய் ஆளை ஏற்றி வர அழைப்பு வண்டி என்று ஒரு ஷரத்து இருக்கிறதே, அதில் முதலில் பதிந்த பெயர் அவருடையதுதான்.

கையெழுத்தான மூன்றாம் நாளே வேலை வந்தது. ஞாயிறு மத்தியானம், பேரூராட்சி எல்லையில், ஒரு புளியமரத்தடியில் ஒரு பெரியவர் மயங்கிக் கிடக்கிறார் என்று அழைப்பு. வேறு நாளாக இருந்தால் நான் முதலில் எல்லை வரைபடத்தைத் தேடியிருப்பேன். அன்று அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா போய் முகத்தில் தண்ணீர் அடித்து, தெளிந்ததும் வருகிறீர்களா என்று கேட்டு, ஆஸ்பத்திரி, பிறகு காப்பகம். நான் சைக்கிளில் காப்பகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பெரியவர் குளித்து, துவைத்த வேட்டி கட்டி, ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எந்த ஊர், எந்தப் பக்கம் என்று அதுவரை ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. நான் வாசலில் நின்று அவர் சாப்பிட்டு முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

எல்லாம் சுகமாகவே முடிந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்தப் பெரியவர் நேற்றுக் காலை சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார். எனக்கு மனசு விட்டுப்போனது. முதல் ஆளே இப்படியா? என் ஷரத்தில் எங்கே ஓட்டை? முனியம்மா கூடையில் பிஞ்சை அடுக்கிக்கொண்டே, "போகட்டும் சார். அவரு விருப்பம். வர வழி தெரியும்ல?" என்றார். அதற்கு முந்தின நாள் அந்தப் பெரியவர் அக்காவிடம் ஆட்டோவுக்கான தொலைபேசி எண்ணைக் கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டாராம். எதற்கென்று தெரியவில்லை. திரும்பி வருவாரா மச்சான்? அல்லது வேறு யாருக்காவது கொடுப்பதற்கா?

ஒன்று மட்டும் பாக்கியிருக்கிறது. கோப்பில் எழுதினேன், அதிகாரியிடம் ஒத்துக்கொண்டேன், முனியம்மாவின் கையைப் பிடித்தும் சொல்லிவிட்டேன். அவர், "அன்னைக்குக் குடுத்த புளியோதரை நல்லா இருந்துச்சு சார்" என்று சொல்லி என்னை விட்டுவிட்டார். உங்களிடம்தான் சொல்லவே இல்லை. பொங்கலன்று எதிரெதிரே உட்கார்ந்து கரும்பு கடித்தபோதுகூட வாய் வரை வந்து நின்றுவிட்டது. இன்னும் நாள் இருக்கிறதே என்று நினைத்துவிட்டேன். தப்பு என்னுடையது மச்சான். என்னை மன்னித்துவிடுங்கள்.

இந்த ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். வருஷா வருஷம் மூன்று பேரும் உட்கார்ந்து புதுப்பிக்க வேண்டும். நான் பணியில் இருக்கும் வரை அது ஒரு நாள்கூடக் காலாவதியாகாது. ஓய்வு பெற்ற பிறகும், கூட்டம் நடக்கிற அன்று வடை வாசனை பிடித்துக்கொண்டாவது போய் உட்கார்ந்துவிடுவேன். திங்கட்கிழமை கானாடுகாத்தான் பக்கம் போகிறேன். அந்தப் பக்கத்து ஊராட்சிச் செயலர்கள் சிலர் வந்து விளக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அக்காதான் வண்டி ஓட்டுகிறார், முனியம்மாவும் வருகிறார். அங்கேயும் தணிக்கைக்குப் பயந்த ஒருவராவது இருப்பார். அவருக்கு எதிரே உட்கார்ந்து, என் தப்பில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்வேன். அவர் பேனாவைத் திறக்கும் வரை எழுந்திருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இனி எந்த நாளும் உங்களோடு மனசு விட்டுப் பேசுகிற,
உங்கள் தங்கை வீட்டு மாப்பிள்ளை,
கதிரேசன்